கருங்கல்லும் கண்ணாடியும்: ஔந்தில் பசுமைக் கட்டடங்களைத் தேடி ஒரு சுற்று

புனே நகரில் புதிதாக எழும் அடுக்குமாடிகளின் விளம்பரப் பலகைகளில் இப்போது ஒரு சொல் தவறாமல் இடம்பெறுகிறது. ‘பசுமைக் கட்டடம்’ என்பதே அந்தச் சொல். பலகையின் ஓரத்தில் பச்சை இலை ஒன்று. அதன் கீழ் தங்கம், பிளாட்டினம் என்று ஒரு பட்டயம். வாடகைக்கு வீடு தேடி அலையும் குமாஸ்தாவும் அதைப் படிக்கிறார். அதே கட்டடத்தின் சாரத்தில் ஏறி நின்று பூசுவேலை செய்யும் கொத்தனாரும் அதைப் பார்க்கிறார். ஒரு கட்டடம் பசுமையானது என்றால் என்ன பொருள்? பச்சை வர்ணம் பூசினால் போதுமா? முற்றத்தில் நாலு தொட்டிச் செடி வைத்தால் போதுமா? அந்தப் பசுமையால் யாருக்கு என்ன பயன்?

இந்தக் கேள்விகளுக்கு விடை காண ஏற்ற இடம் ஔந்த். புனேயின் வடமேற்கில், முளா நதியின் தென்கரையில் அமைந்த பகுதி இது. (சாத்தாரா மாவட்டத்தில் பந்த் பிரதிநிதிகள் ஆண்ட ஔந்த் சமஸ்தானம் வேறு, இது வேறு.) கிழக்கே கட்கி. அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-ல் தொடங்கியது. ஆற்றைத் தாண்டினால் சாங்வி. அதற்கப்பால் பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலைகள். நூற்றாண்டுக்கு மேற்பட்ட தோட்டமும், உலகப் புகழ் பெற்ற சிற்பி கட்டிய விஞ்ஞானக் கூடமும், நேற்று எழுந்த கண்ணாடி அலுவலகங்களும், தகரக் கூரைக் குடியிருப்புகளும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மும்பையிலிருந்து வருவோர் சிவாஜிநகரில் நிற்கும் ரயிலில் இறங்கி, மாநகர பஸ் பிடித்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சுற்றி வந்துவிடலாம்.

பட்டயம் எப்படிக் கிடைக்கிறது?

முதலில் இந்தப் பட்டயத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு மார்க் போடுவது போலத்தான் இதுவும். நிலத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள், தண்ணீரை எப்படிச் சேமிக்கிறார்கள், மின்சாரம் எவ்வளவு மிச்சம், என்ன பொருள்களால் கட்டினார்கள், உள்ளே காற்றும் வெளிச்சமும் எப்படி, குப்பை எங்கே போகிறது என்று தலைப்புவாரியாக மார்க் உண்டு. மொத்தத்தைக் கூட்டித் தரம் பிரிப்பார்கள்.

அமெரிக்காவில் பிறந்த ‘லீட்’ முறையில் சாதாரணச் சான்று, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என நான்கு படிகள். இந்தியாவில் ‘டெரி’ நிறுவனமும் மத்திய அரசின் மரபுசாரா எரிசக்தித் துறையும் சேர்ந்து உருவாக்கிய ‘கிருஹா’ முறையில் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரங்கள். ஐதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பு கட்டிய சோராப்ஜி கோத்ரெஜ் மையம்தான் நாட்டிலேயே முதலில், 2003-ல், லீட் பிளாட்டினம் பெற்ற கட்டடம்.

கட்டுகிறவர்கள் இந்தப் பட்டயத்தைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு மனையில் எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பதற்கு ‘எஃப்.எஸ்.ஐ.’ என்று ஓர் அளவு உண்டு. மகாராஷ்டிர அரசு 2020-ல் கொண்டுவந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, பசுமைத் தரத்துக்கு ஏற்ப 3, 5, 7 விழுக்காடு வரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். பசுமைக்குப் பரிசாகக் கூடுதல் தளம்! இதில் தவறில்லை. லாபம் இருந்தால்தான் பலர் நல்ல காரியத்தில் இறங்குவார்கள். ஆனால் பட்டயத்தை மட்டும் பார்த்துக் கட்டடத்தை எடைபோட முடியாது என்பதை வாசகர்கள் இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

ஹடப்சர் காட்டும் மாதிரி

பட்டயத்துக்குத் தகுதியான கட்டடமும் புனேயில் இல்லாமல் இல்லை. நகரின் கிழக்குக் கோடியில், ஹடப்சரில் உள்ள ‘சுஸ்லான் ஒன் எர்த்’ அலுவலகம் அத்தகையது. லீட் பிளாட்டினமும் கிருஹா ஐந்து நட்சத்திரமும் பெற்றது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சுஸ்லான் என்ற பெயர் புதிதல்ல. அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இது.

இதைத் திட்டமிட்டவர் கிறிஸ்டபர் பென்னிங்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, புனேயையே வீடாக்கிக்கொண்டவர், 2024-ல் காலமானார். வானளாவிய கோபுரம் எதையும் அவர் கட்டவில்லை. தாழ்வான கட்டடங்களை நீர்நிலைகளையும் முற்றங்களையும் சுற்றி அமைத்தார். ஜன்னல்களுக்கு வெளியே அலுமினியப் பட்டைகளை வரிசையாகப் பொருத்தினார். வெயில் நேரே உள்ளே பாயாது; வெளிச்சம் மட்டும் வரும். அதனால் பெரும்பாலான மேசைகளுக்குப் பகலில் விளக்கே தேவையில்லை. வளாகத்திலேயே சூரியத் தகடுகளும் சிறு காற்றாலைகளும் மின்சாரத்தின் ஒரு பகுதியைத் தருகின்றன.

பணமும் விஞ்ஞானமும் சேர்ந்தால் இப்படிக் கட்டலாம் என்பதற்கு இது சான்று. சரி, பணம் குறைவாக இருந்தால்? பட்டயம் என்ற பேச்சே பிறக்காத காலத்தில் என்ன செய்தார்கள்? அதற்குத்தான் ஔந்துக்குத் திரும்ப வேண்டும்.

கொய்யாவின் பிறந்த வீடு

ஔந்த் சாலையை ஒட்டியுள்ள கணேஷ்கிண்ட் தோட்டம் 1873-ல் தாவரவியல் பூங்காவாகத் தொடங்கப்பட்டது. இன்று அங்கே மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகத்தின் பழ ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. 2020-ல் மகாராஷ்டிர அரசு இத்தோட்டத்தின் 33 ஹெக்டேர் பரப்பை ‘உயிர்ப்பன்மை மரபுத் தலம்’ என்று அறிவித்தது. கோடிக்கணக்கில் விலை பேசப்படும் நிலத்தின் நடுவே இவ்வளவு பரப்பு மரங்களுக்கென்று விடப்பட்டிருப்பதே பெரிய செய்தி.

நம்மவர்களுக்கு இத்தோட்டத்தோடு தெரியாமலேயே ஒரு சொந்தம் உண்டு. தமிழ்நாட்டில் கொய்யா பயிரிடும் விவசாயிகள் ‘லக்னோ 49’ என்ற ரகத்தை நன்கு அறிவார்கள். பெயர்தான் லக்னோ, அந்த ரகம் தேர்ந்தெடுக்கப்பட்டது இந்தக் கணேஷ்கிண்ட் தோட்டத்தில்! இங்கு 1920-களில் நடந்த ஆராய்ச்சியில் டாக்டர் சீமா என்ற தோட்டக்கலை நிபுணர் பொறுக்கி எடுத்த ரகம் அது. ‘சர்தார்’ கொய்யா என்றும் அதற்குப் பெயர். பழனிப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் புனேயில் நின்றுகொண்டு கொய்யாப்பழம் வாங்கினால், அது அவருடைய ஊருக்கு இங்கிருந்து போன ரகமாகவும் இருக்கலாம்.

கட்டடங்களைப் பார்க்கப் புறப்பட்டவர்கள் தோட்டத்தில் ஏன் நிற்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் எளிது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் நடந்துவிட்டு இந்த மர நிழலுக்குள் நுழைந்தால், உடம்பு சொல்லும் விடையே போதும். மரம் நிழல் தருவதோடு நிற்பதில்லை. வேர் வழியாக நீரை இழுத்து இலை வழியாக ஆவியாக விடுகிறது. அந்த ஆவியாதலே சுற்றுப்புற வெப்பத்தைக் குறைக்கிறது. மழை பெய்தால் மண் உறிஞ்சிக்கொள்கிறது. கான்கிரீட் தளத்தில் விழும் மழையோ நேரே சாக்கடைக்கு ஓடுகிறது. எந்தப் பசுமைக் கட்டடமும் இயந்திரங்களை வைத்துச் செய்ய முயலும் காரியத்தை இத்தோட்டம் ஒன்றரை நூற்றாண்டாகச் சம்பளம் இல்லாமல் செய்து வருகிறது.

கறுப்பின் மேல் கறுப்பு

தோட்டத்தை அடுத்து சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம். 1949-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகம் 411 ஏக்கர். இதன் மையக் கட்டடம் ஒரு காலத்தில் பம்பாய் கவர்னரின் மழைக்கால மாளிகை. 1860-களில் கட்டத் தொடங்கியது. மின்விசிறி வராத காலத்துக் கட்டடம். பருத்த சுவரும், உயர்ந்த கூரையும், வராந்தாவும்தான் அன்று குளிர்ச்சிக்கு வழி. கவர்னர் போனார், மாணவர்கள் வந்தார்கள். கட்டடம் இடிக்கப்படவில்லை. பழையதை இடிக்காமல் பயன்படுத்துவதும் பசுமைதான். செங்கல்லைச் சுடவும் சிமெண்டைக் காய்ச்சவும் எரியும் நிலக்கரி மிச்சமாகிறது அல்லவா?

அதே வளாகத்தில்தான் ‘ஐயூக்கா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வானியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1988-ல் தோன்றிய இம்மையத்தின் முதல் இயக்குநர் ஜயந்த் நார்லிகர்; 2025-ல் மறைந்த மேதை. கட்டடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. 1992 டிசம்பர் 28-ல் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து நோபல் பரிசு வரை உயர்ந்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். இங்குள்ள அரங்கத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டடத்தின் சுவர்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கீழே உள்ளூர்க் கருங்கல். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி உறைந்ததால் உண்டான தக்காணப் பாறை இது. புனேயைச் சுற்றி எங்கே தோண்டினாலும் கிடைக்கும். அதன் மேல் கடப்பாக் கல். நம் ஊர்ச் சமையலறை மேடைக்குப் போடும் அதே கடப்பாக் கல்தான்! அதற்கும் மேலே பளபளக்கும் கறுப்புக் கிரானைட். கறுப்பு, அதைவிடக் கறுப்பு, எல்லாவற்றிலும் கறுப்பு என்று இரவு வானத்தை நினைவூட்டும்படி கொரியா அடுக்கினார்.

அழகு ஒரு பக்கம். இதில் உள்ள கணக்கு இன்னொரு பக்கம். உள்ளூர்க் கல் என்றால் லாரிக் கூலியும் டீசலும் குறைவு. தடித்த கல் சுவர் பகல் வெப்பத்தை மெதுவாக உறிஞ்சி, மாலையில் மெதுவாக வெளியே விடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ள புனேயில் கோடைக்காலத்திலும் இரவு ஓரளவு குளிரும். ஆகவே பகலில் வாங்கிய சூட்டை இரவில் கழித்துவிடும் சுவர் இந்த ஊருக்குப் பொருத்தமானது. நடுவில் ‘குண்ட்’ எனப்படும் தாழ்ந்த முற்றம். கோயில் குளத்தின் படித்துறை போன்ற அமைப்பு. ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டீன் ஆகிய நால்வரின் சிலைகளும் அங்கே உண்டு. செட்டிநாட்டு வீட்டையோ தஞ்சாவூர் அக்கிரகாரத்து வீட்டையோ அறிந்தவர்களுக்கு முற்றத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூடான காற்று மேலே எழும். அந்த இடத்தைப் பிடிக்கப் பக்கத்து அறைகளின் காற்று நகரும்.

இதேபோல் ஏ.சி. இல்லாமல் குளிர்ச்சியாக இருக்கும் கட்டடத்துக்குத் தமிழ் மண்ணிலும் பேர் போன உதாரணம் உண்டு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1930-களில் தொடங்கிக் கட்டப்பட்ட ‘கோல்கொண்டா’ விடுதி அது. ஆன்டோனின் ரேமண்ட் என்ற சிற்பி, சுவருக்குப் பதில் திறந்து மூடும் பட்டைப் பலகணிகளை அமைத்துக் கடற்காற்றைக் கட்டடத்தின் குறுக்கே ஓடவிட்டார். இந்தியாவில் கான்கிரீட்டால் கட்டிய தொடக்கக்கால நவீனக் கட்டடங்களுள் ஒன்று அது. புதுச்சேரியின் புழுக்கத்துக்குக் காற்று. புனேயின் வறண்ட வெயிலுக்குக் கனத்த கல். ஊருக்கு ஏற்ற மருந்து!

பிப்ரவரி 28, தேசிய விஞ்ஞான தினத்தன்று ஐயூக்கா பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது வழக்கம். குழந்தைகளை அழைத்துச் செல்ல நல்ல நாள்.

கோவையிலிருந்து வந்த கல்லூரி

ஔந்த் சாலையில் இன்னொரு பசுமையான வளாகம் ஸ்பைசர் அட்வென்டிஸ்ட் பல்கலைக்கழகம். இதன் பூர்விகம் எது தெரியுமா? கோயம்புத்தூர்! 1915-ல் அங்கே ஒரு சிறு பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, பெங்களூர் போய், பிறகு புனேக்கு வந்து, 1942-ல் இந்த இடத்தில் நிலைகொண்டது. பிழைப்புக்காக ஊர் மாறி ஊர் வந்து வேரூன்றிய தமிழர்கள் போலவே இந்தக் கல்லூரியும் வந்து வேரூன்றியிருக்கிறது. நிழல் தரும் மரங்கள் ஒரே நாளில் வளர்வதில்லை. ஒரு தலைமுறை நட்டதைத்தான் அடுத்த தலைமுறை அனுபவிக்கிறது.

சொசைட்டி மாடியில் ஒரு கணக்கு

இனி வீடுகளுக்கு வருவோம். ஔந்தின் அடுக்குமாடிச் சொசைட்டிகளின் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தால் சூரிய வெந்நீர்க் கலங்கள் வரிசையாகத் தெரியும். மழைநீர்க் குழாய்கள் கீழே இறங்கும். மூலையில் மண்புழு உரத் தொட்டி இருக்கலாம். இவற்றுக்கு ஊக்கம் தரும் வகையில் புனே மாநகராட்சி பொது வரியில் 5 முதல் 10 விழுக்காடு வரை தள்ளுபடி தருகிறது. பேருக்கு வைத்து, துருப்பிடிக்க விட்டால் சலுகை கிடையாது. வேலை செய்ய வேண்டும்.

மழைநீர் விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி. 2003-ல் அங்கே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை ஊருக்குப் போய் வருகிறவர்கள் அறிவார்கள். கணக்கு மிகச் சுலபம். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். புனேயில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. நூறு சதுர மீட்டர் மாடியில் விழுவது 70,000 லிட்டர்! சிந்தியது, ஆவியானது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 56,000 லிட்டர் மிஞ்சும். கோடையில் டேங்கர் லாரிக்குப் பணம் கட்டும் சொசைட்டிகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மின்சாரத்துக்கும் வழி பிறந்திருக்கிறது. 2024-ல் மத்திய அரசு அறிவித்த ‘பிரதமர் சூரிய வீடு’ திட்டத்தில், மாடியில் சூரியத் தகடு அமைக்கும் வீடுகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு ரூ. 30,000, இரண்டுக்கு ரூ. 60,000, மூன்று அல்லது அதற்கு மேல் ரூ. 78,000 என மானியம் நிர்ணயிக்கப்பட்டது. சொசைட்டிகளின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு ரூ. 18,000. ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் நான்கு யூனிட் தரும். லிப்ட்டும் தண்ணீர் மோட்டாரும் மாடிப்படி விளக்கும் இதில் ஓடினால் மாதாந்தரப் பராமரிப்புத் தொகை குறையும்.

பசுமையைச் சுமக்கும் கைகள்

எந்தக் கட்டடத்தின் பசுமையும் கடைசியில் குப்பைக் கூடையில்தான் சோதிக்கப்படுகிறது. புனேயில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் ‘ஸ்வச்’ கூட்டுறவுச் சங்கம் நாடறிந்தது. குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் 1993-ல் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’ என்ற சங்கமாகத் திரண்டார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் சேகரிக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து என்று பொருள். அதிலிருந்து பிறந்து, 2008-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட கூட்டுறவே ஸ்வச். இதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பினர்கள்; பெரும்பாலோர் பெண்கள். தொழிலாளர்களே இதன் உரிமையாளர்கள்.

ஈரக் குப்பை தனி, காய்ந்த குப்பை தனி என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால் அவர்கள் கை அழுகலில் படாது. காகிதமும் பிளாஸ்டிக்கும் காசாகும். குழந்தைகளின் டயப்பர், பெண்களின் நாப்கின் ஆகியவற்றைத் தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்று அவர்கள் இயக்கமே நடத்தினார்கள். பிரித்து எடுக்க வேண்டிய கைக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? பிளாட்டினம் பட்டயம் வாங்கிய கட்டடத்திலிருந்து கலந்த குப்பை வந்தால், அந்தப் பட்டயத்துக்கு என்ன மதிப்பு?

நடப்பவர்களையும் மறந்துவிடக் கூடாது. 2016 ஜூன் 25-ல் பாலேவாடியில் பிரதமர் மோதி தொடங்கிவைத்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு ஔந்த், பாணேர், பாலேவாடி பகுதியே மாதிரி வட்டாரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பயனாக ஔந்தின் டி.பி. சாலையில் அகலமான நடைபாதை வந்தது. பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வேலைக்குப் போகிறவர்தான் நகரத்திலேயே பெட்ரோல் எரிக்காத மனிதர். அவருக்கு நிழலும் நடைபாதையும் தருவது தயவல்ல, நியாயம்.

ஆற்றங்கரையில் எழும் கேள்வி

சுற்றின் கடைசி நிறுத்தம் முளா நதி. பாஷாண் பக்கமிருந்து வரும் ராம் நதி, பாணேருக்கும் ஔந்துக்கும் இடையே இதில் கலக்கிறது. புனே நகரின் முளா, முட்டா ஆறுகளின் கரையை ஏறத்தாழ 44 கிலோமீட்டர் நீளத்துக்குச் சீரமைக்கும் பெரிய திட்டத்தை மாநகராட்சி மேற்கொண்டது. கரையைப் பலப்படுத்தி, நடைபாதையும் பூங்காவும் அமைத்து, மக்களை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவோம் என்பது மாநகராட்சியின் வாதம். கரையில் தானாக வளர்ந்த பழைய மரங்களும் புதர்களும் பறவைகளும் போய்விட்டால், நட்டு வளர்க்கும் பூங்கா அதற்கு ஈடாகாது. ஆற்றை நெருக்கினால் வெள்ளம் ஊருக்குள் வரும் என்பது எதிர்ப்போர் வாதம். 2025 பிப்ரவரியில் ராம் நதி சங்கமத்தின் அருகே மரங்களைக் காக்க நகர மக்கள் திரண்டு, சிப்கோ இயக்கத்தை நினைவூட்டும் விதத்தில் ஊர்வலம் நடத்தினார்கள்.

வெள்ளம் என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2024 ஜூலை 25-ல் பெருமழையோடு கடக்வாஸ்லா அணையின் தண்ணீரும் சேர, சிங்ககட் சாலையில் ஏகதா நகரி வீடுகளுக்குள் ஆறு புகுந்ததை நகரம் மறக்கவில்லை. ஆற்று நீரின் தரமோ இன்னொரு கவலை. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 11 கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட 2016-ல் ஒப்பந்தமானது. அந்த 11 இடங்களின் பட்டியலில் பாணேரும் பொட்டானிகல் கார்டனும் இடம்பெற்றன. நூறு அடுக்குமாடிகள் பசுமைப் பட்டயம் வாங்கினாலும், அவற்றின் கழிவுநீர் சுத்தமாகாமல் முளாவில் விழுந்தால் கணக்கு நேராகாது.

தகரக் கூரையின் கீழ்

இதுவரை பார்த்தவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் காட்சிகள். தெரியாத ஒன்று இருக்கிறது. காலை ஏழு மணிக்கு, மராத்தியில் ‘மஜூர் அட்டா’ என்று சொல்லும் தெருமுனையில் கூலிக்காகக் காத்து நிற்கிறார்களே, அவர்கள்தாம் இந்தப் பசுமைக் கட்டடங்களைக் கட்டியவர்கள். வெயில் நுழையாத சுவரை எழுப்பியவர், மாலையில் தகர ஷீட் போட்ட அறைக்குத் திரும்புகிறார். பகல் முழுதும் காய்ந்த தகரம் ராத்திரி வெகுநேரம் வரை தூங்க விடுவதில்லை. கிருஹா விதிகளிலேயே, கட்டட வேலை நடக்கும் இடத்தில் தொழிலாளருக்குக் கழிப்பறை, பாதுகாப்பு முதலிய வசதிகள் தர வேண்டும் என்ற அம்சம் உண்டு. தொழிலாளர்களும் மேஸ்திரிகளும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பட்டயம் வேண்டும் என்கிற முதலாளியிடம், ‘இதற்கும் மார்க் உண்டு’ என்று சொல்லிக் கேட்க இடமிருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்? பெரிய செலவு இல்லாத சில வழிகள் உள்ளன. கூரையின் மேற்புறம் வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அறைக்குள் சூடு இரண்டு மூன்று டிகிரி வரை குறையலாம். கான்கிரீட் மாடியானால் சுண்ணாம்பே போதும். தகரத்துக்கு அதற்கென்று உள்ள வெள்ளைப் பெயிண்ட் வேண்டும். அந்தக் காலத்து ‘மெட்ராஸ் டெரஸ்’ மாடியில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கனமாகப் போட்டதன் ரகசியமும் சூட்டைத் தடுப்பதுதான். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால், இரண்டையும் மாலை வெயில் தாழ்ந்த பிறகு திறந்துவைத்து, காலை பத்து மணிக்குள் மூடிவிட வேண்டும். மேற்குச் சுவரில் ஒரு கொடியைப் படரவிட்டால், மதிய வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்னால் இலையில் நின்றுவிடும். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் கேட்டுச் செய்யலாம். சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம்.

கண்ணாடி போர்த்திய அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். கண்ணாடி வழியே வெயில் எளிதாக உள்ளே போகும். உள்ளே பொருள்கள் சூடானபின் அந்த வெப்பம் அவ்வளவு எளிதில் வெளியே வராது. பிறகு அதை விரட்ட ஏ.சி. இரவு பகலாக ஓட வேண்டும். ஏ.சி. வெளியே தள்ளும் அனல் தெருவில் நடப்பவர் முகத்தில் அடிக்கும். குளிர்பிரதேச நாட்டுக்குப் பொருந்தும் உடுப்பை தக்காணத்து வெயிலில் போட்டுக்கொண்டால் வேறென்ன ஆகும்?

மூன்று கேள்விகள்

ஆக, ஔந்தைச் சுற்றி வந்தவர்கள் எந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றாலும், பட்டயத்தைப் படிப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். பகலில் விளக்கும் ஏ.சி.யும் போடாமல் இதற்குள் வேலை செய்ய முடியுமா? இதன் மேல் விழும் மழையும் இதிலிருந்து வெளியேறும் கழிவுநீரும் எங்கே போகின்றன? இதைக் கட்டியவர், கூட்டுபவர், காவல் காப்பவர் ஆகியோருக்கு நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கின்றனவா?

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் பட்டயம் இல்லாவிட்டாலும் அது பசுமைக் கட்டடமே. கணேஷ்கிண்ட் தோட்டத்துக்கு யாரும் பிளாட்டினம் தரவில்லை. கவர்னர் மாளிகையின் பருத்த சுவருக்கு நட்சத்திரம் ஒட்டவில்லை. நல்ல நிழலையும் நல்ல சுவரையும் நல்ல ஆற்றையும் ஏற்கெனவே பெற்றிருக்கும் ஊர் இது. அவற்றைக் காப்பாற்றுவது புதிதாகக் கட்டுவதைவிடச் செலவு குறைந்த காரியம். வார்டு கூட்டத்திலும் சொசைட்டி கூட்டத்திலும் நம்மவர்கள் வாய் திறந்து இந்த மூன்று கேள்விகளையும் கேட்டால், அந்தக் காரியத்தில் பாதி முடிந்தது எனலாம்.